சுரண்டிய பெயர்

யுத்தம் முடிந்த ஆண்டு முழுக்க நான் ஒரே ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வாசித்தேன் என்று சொல்ல முடியாது. நான்கு சுவிசேஷங்களும் கிரேக்க மொழியில், தோலில், கையால் எழுதப்பட்ட புத்தகம் அது. ஆயிரத்து நூறு வருடமாவது இருக்கும் என்றார்கள். எனக்குக் கிரேக்கத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. இதில் மாதாவின் பெயர் எது, யூதாசின் பெயர் எது என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். என் வேலை அதுவல்ல. ஒவ்வொரு தாளாகத் திறந்து, அதற்கு இதுவரை என்னென்ன நடந்திருக்கிறது என்று பார்த்து, ஒரு படிவத்தில் எழுதி, படம் பிடிக்கிற மேசைக்குப் புத்தகத்தை நகர்த்த வேண்டும். அவ்வளவுதான்.

மொன்றியலில், டவுன்டவுனில் உள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் அந்த அறை இருந்தது. யன்னல் இல்லை. வெளியில் பனி கொட்டுகிறதா வெயில் எறிக்கிறதா என்று மதியம் சாப்பிட மேலே போனால்தான் தெரியும். அதற்கு முன் பதினொரு வருடம் தையல் தொழிற்சாலையில் இருந்தவள் நான். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். பிறகு நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டுகிற பகுதியில் ஒப்பந்த வேலை கிடைத்தது. என் கை நடுங்காது என்று கண்டுபிடித்த மேற்பார்வையாளர் என்னைக் கீழே அழைத்துக்கொண்டார். அவர் கியூபெக்காரி. அறுபதை நெருங்கியவர். மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதை அறை முழுக்கத் தேடுவார். வேலையில் மட்டும் ஒரு மயிரிழை பிசகமாட்டார்.

முதல் நாள் அவர் சொன்னது, கையுறை போடக் கூடாது என்பதுதான். கையுறை போட்டால் விரலுக்கு ஒன்றும் தெரியாது, தாள் எங்கே பலவீனமாக இருக்கிறது என்று விரல் அறியாமல் கிழித்துவிடும், கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடு என்றார். வெறுங்கையால் தொட்டேன். ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் சற்றுச் சொரசொரப்பு. சொரசொரப்பான பக்கத்தில், மிருகத்துக்கு மயிர் முளைத்த இடங்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தன. எழுத்துக்கள் பெரிதாக, பழுப்பு மையில், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடாமல் ஓடின. ஓரிடத்தில் தோலிலேயே ஒரு துளை இருந்தது. எழுதியவர் அதைச் சுற்றிக்கொண்டு எழுதிப் போயிருந்தார்.

வேலைக்குச் சேர்ந்ததை அம்மாவிடம் சொன்னபோது அவர் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“கையைக் கழுவிப்போட்டுத் தொட்டாப் போதுமோ? கொஞ்சிப்போட்டோ திறக்கிறனி?”

“அம்மா, அதைக் கொஞ்சக் கூடாது. வேலையால நிப்பாட்டிப் போடுவினம்.”

“ஆர் பாக்கப் போறது? அந்த மனிசி கண்ணாடி தேடேக்க கொஞ்சு.”

நான் முத்தமிடவில்லை. பயம் காரணமல்ல, எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. ‘நீ கத்தோலிக்கப் பிள்ளை, அந்தப் புத்தகத்தைத் தொடும்போது மெய் சிலிர்க்குதோ?’ என்று கோயிலில் ஒரு மாமி கேட்டார். ஆட்டுத்தோல் மணம் வருகிறது என்று சொன்னேன். அவருக்கு என்னை அதற்குப் பிறகு பிடிக்காமல் போய்விட்டது.

அந்த வருடம் எனக்குள் ஒன்றும் இருக்கவில்லை. துக்கம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் துக்கம் என்றால் எங்கேயாவது வலிக்க வேண்டும். எனக்கு வலிக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு சொந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடையதோ போல இருக்குமே, நான் முழுவதும் அப்படி இருந்தேன்.

தம்பி வன்னியில் இருந்தான். எனக்கு அவன் ஒருவன்தான். டிராக்டர் திருத்துகிறவன். மாசி மாதம் யாருடையதோ போனில் கடைசியாகக் கதைத்தான். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். பின்னால் ஒரு பெண் தன் முறை வந்துவிட்டது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். “அம்மாட்டைச் சொல்லு, நான் நல்லா இருக்கிறன். பேந்து எடுக்கிறன்,” என்றான். பிறகு எடுக்கவில்லை. வைகாசியில் யுத்தம் முடிந்தது என்றார்கள். முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல்கள் மின்னஞ்சலில் சுற்றத் தொடங்கின. மதிய இடைவேளையில் நூலகக் கணினியில் அவற்றைத் திறந்து பார்ப்பேன். முதல் மாதம் ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். பிறகு அவனுடைய எழுத்தில் தொடங்கும் பெயர்களை மட்டும் பார்த்தேன். புரட்டாசி வந்தபோது கண் பட்டியலில் ஓடும், நான் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருப்பேன்.

அம்மா அப்படி இருக்கவில்லை. அவருக்கு எழுபத்திரண்டு வயது. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் அவரும் நானும் இருந்தோம். (எனக்கு ஒரு கலியாணம் நடந்தது, அது சரிவரவில்லை. அதை இங்கே எழுதப்போவதில்லை.) தம்பி ஏதோ ஒரு முகாமில் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டு இருக்கிறான் என்பது அம்மாவின் முடிவு. யார் வந்து என்ன சொன்னாலும் அவர் அசையவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் தமிழ்ப் பூசைக்கு முன் சுவாமியாரிடம் போய், மகனின் நல்ல சுகத்துக்காக என்று பூசைக் கருத்துக் கொடுப்பார். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு கருத்து, இறந்தவர்களுக்கு வேறு. ‘ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்று கொடுத்தால் கதை முடிந்தது. கடையில் மரக்கறி தெரிவு செய்கிற இடத்தில்கூட ஆட்கள் அம்மாவைப் பார்த்து, “ஏதும் செய்தியோ?” என்று கேட்பார்கள். “ஒரு குறையுமில்லை,” என்பார், கத்தரிக்காயை அமத்திப் பார்த்தபடி.

புத்தகத்தின் படிவத்தில் கட்டங்கள் இருந்தன. கிழிசல், துளை, பூச்சி அரிப்பு, மெழுகு, எண்ணெய்க் கறை, மை உதிர்வு, சுரண்டல். தோலில் எழுதியதை அழிப்பதற்கு அழிறப்பர் கிடையாது. எழுதியவர் பிழை விட்டால் கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மேலே எழுதுவார். சுரண்டிய இடம் சற்று மங்கலாக, மெல்லியதாக இருக்கும். விரலை வைத்தால் தெரியும். அப்படி நாற்பது ஐம்பது இடங்களைப் பதிவு செய்திருப்பேன்.

வியாழக்கிழமைகளில் ஒரு பேராசிரியர் வருவார். ஓய்வுபெற்றவர், கிரேக்கம் வாசிப்பவர். அவர் ஆங்கிலத்தில் கேட்பார், மேற்பார்வையாளர் பிரெஞ்சில் பதில் சொல்வார். இருவரும் அதை ஒரு விசித்திரமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வியாழன், லூக்காவின் சுவிசேஷத்தில் ஒரே வரி இரண்டு தடவை எழுதப்பட்டிருப்பதைப் பேராசிரியர் எனக்குக் காட்டினார். “பாவம், நித்திரை தூங்கியிருக்கிறார்,” என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். தொழிற்சாலையில் நானும் ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை தைத்தவள்தான்.

நவம்பர் வந்தது. எங்கள் ஆட்களுக்கு அது மரித்த ஆத்துமாக்களின் மாதம். கோயில் வாசலில் கடித உறைகள் வைத்திருப்பார்கள். வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒரு துண்டில் எழுதி, உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். உறைகள் மாதம் முழுக்கப் பீடத்தில் இருக்கும். ஞாயிறு பூசையில் சுவாமியார் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெயர்களை வாசிப்பார். எங்கள் வீட்டில் எழுதுவது என் வேலை. போன வருடத்துத் துண்டின் பிரதி ஒன்று அம்மாவின் செபப்புத்தகத்துக்குள் இருக்கும். அதைப் பார்த்துப் புதிதாக எழுத வேண்டும். பழைய துண்டையே கொடுத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டதற்கு, “செத்த ஆக்களுக்கு ஒரு துண்டு எழுதப் பஞ்சியோ உனக்கு?” என்று ஏச்சு வாங்கினேன்.

அந்தப் பட்டியலில் யாருக்கும் ஒழுங்கான பெயர் கிடையாது. அம்மா எப்படிக் கூப்பிட்டாரோ அப்படித்தான் இருக்கும். பெரியையா, சின்ன மாமி, கிணத்தடி மாமா, சைக்கிள் அண்ணை, ஊமைக் குஞ்சியம்மா. கடவுளுக்குத் தெரியும் யார் என்று, முழுப் பெயர் எதற்கு என்பது அம்மாவின் நியாயம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேசையில் இருந்து எழுதினேன். அம்மா அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். பத்தொன்பது பேர். ஒவ்வொருவராக எழுதினேன், துண்டை மடித்தேன், உறையில் போட்டு ஒட்டினேன். அம்மா வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நவம்பரின் இரண்டாவது ஞாயிறு எங்கள் உறை வந்தது. கிணத்தடி மாமாவை வாசித்தபோது முன் வாங்கில் இருந்த சின்னப் பிள்ளைகள் சிரித்துத் தங்களுக்குள் பிரெஞ்சில் ஏதோ குசுகுசுத்தார்கள். ஒரு தாய் ஒருத்தியின் தொடையில் கிள்ளினாள். சைக்கிள் அண்ணைக்கு இன்னும் சிரித்தார்கள். ஊமைக் குஞ்சியம்மாதான் கடைசி. அதற்கு அடுத்த உறைக்குப் போக வேண்டிய சுவாமியார் போகவில்லை. துண்டைக் கொஞ்சம் கிட்டப் பிடித்து, தம்பியின் பெயரை வாசித்தார். ஞானஸ்நானப் பெயர், அப்பாவின் பெயர், எல்லாம் சேர்த்து முழுதாக.

அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பினார், முழந்தாளிட வேண்டிய இடத்தில் முழந்தாளிட்டார், வரிசையில் போய் நற்கருணை எடுத்தார். பூசை முடிந்ததும் யாருடனும் கதைக்காமல் வெளியே வந்தார். இரண்டு பேர் வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் கையை விடுவித்துக்கொண்டு என்னோடு நடந்தார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிய பிறகுதான் வாய் திறந்தார்.

“ஆர் எழுதினது?”

“நான்தான் அம்மா.”

“பிழையா எழுதினியோ, தெரிஞ்சு எழுதினியோ?”

“தெரியேல்லை.”

பொய் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமையை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தேன். பேனை ஞாபகம் இருக்கிறது, வெங்காய மணம் ஞாபகம் இருக்கிறது, ஊமைக் குஞ்சியம்மா வரை ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு மடித்ததுதான் ஞாபகம். கை ஓடிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருடம் முழுக்கப் பட்டியல் பார்த்த கை, எல்லாப் பட்டியலிலும் அவனைத் தேடிய கண், தானாக அவனை எழுதிவிட்டது என்று சொன்னால் நம்பலாம்தானே. நான் நம்பினேன்.

அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். சாப்பாடு போட்டு மூடி வைத்திருப்பார். என் குளிர் உடுப்பின் கழன்ற பொத்தானைத் தைத்து வைத்தார். கதை மட்டும் இல்லை. ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இரண்டு பேர் கதைக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். எதுவும் கஷ்டமாக இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சுவாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கிழமைநாளில் அம்மா வந்து அந்தப் பெயரை எடுக்கச் சொன்னாராம். “செபம் ஒருத்தருக்கும் பாதகமில்லை அம்மா, உயிரோட இருந்தாலும் அது அவருக்குப் போய்ச் சேரும்,” என்று இவர் சமாதானம் சொல்லியிருக்கிறார். “அவனுக்குப் பாதகம்,” என்றாராம் அம்மா. பீடத்தில் வைத்த துண்டை வெளியே கொடுக்க முடியாது, வேண்டுமானால் இங்கேயே ஒரு கோடு போட்டு வெட்டிவிடுங்கள் என்று சுவாமியார் பேனையை நீட்டியிருக்கிறார். அம்மா பேனையை வாங்கவில்லை. கைப்பைக்குள் இருந்து, தையல் பிரிக்கிற என்னுடைய பிளேடை எடுத்து, சுவாமியார் பூசை உடுப்பு மாற்றுகிற அறையின் மேசையில் துண்டை வைத்து, அந்தப் பெயரைச் சுரண்டினாராம். கடதாசி ஓட்டையாகும் வரை சுரண்டினார் என்று சுவாமியார் சொன்னார். “உங்கட அம்மாவைக் கொஞ்சம் கவனமாப் பாருங்கோ,” என்றும் சொன்னார். நான் சரி என்றேன்.

டிசம்பர் தொடக்கத்தில் புத்தகம் முடிவுக்கு வந்தது. யோவான் எழுதிய சுவிசேஷம் முடிந்த பிறகு, வெறுமையாக விட்ட ஒரு தாள் இருந்தது. அது வெறுமையாக இல்லை. பல காலத்தில் பல பேர் அதில் சின்ன எழுத்தில் பெயர்கள் எழுதியிருந்தார்கள். ஏதோ ஒரு மடத்தில், இறந்தவர்களுக்காகச் செபிக்கும்போது வாசிப்பதற்கு எழுதி வைத்த பெயர்கள் என்றார் பேராசிரியர். என் விரல் நடுவில் ஓரிடத்தில் நின்றது. சுரண்டல். வழக்கமான சுரண்டல் அல்ல, தோல் மறுபக்கம் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தது. அதன் மேல் யாரும் திரும்ப எழுதவும் இல்லை. படிவத்தில் எழுதினேன்.

மேற்பார்வையாளருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. புறஊதா விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். பழைய மையைச் சுரண்டினாலும் தோலுக்குள் கொஞ்சம் ஊறியிருக்கும். அறையை இருட்டாக்கி அந்த விளக்கைப் பிடித்தால் எழுத்து கறுப்பாக எழும்பி வரும். நான் தாளைப் பிடித்துக்கொண்டேன், அவர் விளக்கைப் பிடித்தார், பேராசிரியர் குனிந்து வாசித்தார். வெகுநேரம் வாசித்தார்.

“ஒரு ஆணின் பெயர்,” என்றார். “தகப்பனின் பெயரும் இருக்கிறது. ஊரும் இருக்கிறது போல. மற்றவர்களுக்கெல்லாம் ஒற்றைப் பெயர். இவருக்கு மட்டும் இவ்வளவு நீளம்.”

“தவறுதலாக எழுதிவிட்டு அழித்திருப்பார்கள்,” என்றார் மேற்பார்வையாளர்.

“இல்லை. பிழை விடுகிற கை எப்போதும் சுலபமானதைத்தான் எழுதும். பழகியதை எழுதும், சுருக்கி எழுதும், எழுதியதையே திரும்ப எழுதும். கஷ்டமானதை எழுத வேண்டுமென்றால் எழுதுகிறவர் முழித்திருக்க வேண்டும். இதை எழுதியவர் நன்றாக முழித்திருந்தார்.”

“பிறகு ஏன் சுரண்டினார்கள்?”

“யார் கண்டது? ஏதாவது குற்றம் செய்து மடத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம்.”

அவர்கள் இருவரும் அந்தக் குற்றவாளியைப் பற்றிக் கதைத்துக்கொண்டே அறை விளக்கைப் போட்டார்கள். அவன் வருவான் என்று யாரோ காத்திருந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. நான் தாளை விட்டுவிட்டுக் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டேன். என் கை நடுங்கியது. அந்த அறைக்குள் அது நடுங்கியது அதுதான் முதல் தடவை.

கை ஓடியிருந்தால் என்ன எழுதியிருக்கும்? ‘தம்பி’ என்று எழுதியிருக்கும். நாற்பது வருடமாக அவனை அப்படித்தான் கூப்பிட்டேன். அம்மாவின் பட்டியலும் அப்படித்தான் எழுதப்படுகிற பட்டியல். அவனுடைய ஞானஸ்நானப் பெயரை நான் கடைசியாக எழுதியது, அவனுடைய பள்ளிக்கூடக் கொப்பிக்கு உறை போட்டபோது. அதை நினைவுக்குக் கொண்டுவந்து, அப்பாவின் பெயரையும் சேர்த்து, எழுத்து எழுத்தாக எழுதியிருக்கிறேன். அது நித்திரையில் எழுதிய பெயர் அல்ல. எந்த அண்ணையோ மாமாவோ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, சந்தேகம் இருக்கக் கூடாது, இவன்தான், இவன் செத்துவிட்டான், இனி யாரும் என்னைப் பட்டியல் பார்க்கச் சொல்லாதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். எனக்குக் காத்திருக்க ஏலாமல் போயிருந்தது. என்னை நினைத்து எனக்கு அருவருப்பாக இருந்தது. அருவருப்பாக இருந்தது என்பதே பெரிய விஷயம், அந்த வருடம்.

அன்று நேரத்தோடு சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். மெட்ரோவில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். அம்மா அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். குளிர் உடுப்பைக் கழற்றாமலே கதவடியில் நின்று சொன்னேன்.

“அம்மா, நான் தெரிஞ்சுதான் எழுதினனான்.”

அம்மா ஒரு துண்டை வெட்டி முடித்தார். மூன்று கிழமைக்குப் பிறகு என்னோடு கதைத்தார்.

“தெரியும். சுவாமி வாசிக்கேக்கயே தெரியும். பிழையா எழுதுறவள் தேப்பன்ர பேரையும் சேர்த்தோ எழுதுவாள்?”

“அதுக்காகத்தானே சுரண்டினனீங்கள். அவன்ர பேர் அதில இருக்கக் கூடாதெண்டு.”

“பேருக்கு என்ன? வாசிச்சாச்சு. கோயில் முழுக்கக் கேட்டாச்சு. இனிச் சுரண்டி அதை இல்லையெண்டு ஆக்கேலுமோ?” அம்மா மீனைத் திருப்பிப் போட்டார். “அவன் வருவான். வந்தா ஆராவது சொல்லத்தான் போகினம், உன்ரை பேரைச் செத்த ஆக்களோட வாசிச்சவை எண்டு. சொல்லட்டும். நான்தான் குடுத்தனான் எண்டு சொல்லுவன். தாய் செய்தா அவன் மன்னிப்பான்.”

அம்மா கத்தியோடு குழாயடிக்குப் போனார்.

“ஆனா அந்தச் சுவாமி ஒரு துண்டையும் எறியமாட்டார். எல்லாத்தையும் பைலில போட்டு வைப்பார். ஆராவது எடுத்துக் காட்டினா, அவனுக்குத் தெரியாதோ உன்ரை எழுத்து? நீதானே அவன்ர கொப்பி எல்லாத்திலயும் பேர் எழுதிக் குடுத்தனி.” கத்தியைக் கழுவி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நான் சுரண்டினது அவன்ர பேரை இல்லைப் பிள்ளை, உன்ரை எழுத்தை. பேந்து நீ அவனுக்கு என்னெண்டு முகம் குடுப்பாய்?”

நான் அந்தக் கதவடியிலேயே நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். மாசி மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அழுதேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் காலில் இருந்து பனி ஒட்டிய சப்பாத்துகளைக் கழற்றினார். அவர் அழவில்லை. அவருக்குத்தான் மகன் உயிரோடு இருந்தானே.